டிபி ஊசியும் பதினொரு கேட்லாக்கும்

நஷ்டக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு லட்சத்து இருபதாயிரத்து நானூறு ரூபாய். இருபத்தாறு நாள். இது போக, மனைவியின் வளையல் நாலு மாதம் அடகுக் கடையில் இருந்தது. இத்தனைக்கும் காரணம் ஒரு பாக்கெட் ஊசி. அதற்கும் முன்னால், தெரியாததைத் தெரியாது என்று யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்ட நான்.

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் (ஊர்ப் பெயரே அதுதான்) பதினாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்கிறேன். துணி ஓரம் பிணைக்கும் ஓவர்லாக், மடிப்புத் தைக்கும் பேட்லாக், நாலைந்து சிங்கர். வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் ஊரில் லாக்ஸ்டிட்ச், அதாவது சாதாரண நேர்த்தையல் மெஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதில் உட்கார்ந்து தைப்பவர் 'சிங்கர் டெய்லர்'தான். மெஷின் ஜப்பானாக இருக்கும், சீனாவாக இருக்கும், பெயர் மட்டும் மாறாது. பனியன் துணியில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு 2022இல் ஒரு ஆர்டர் வந்தது. பையன்களுக்கான கார்கோ ஷார்ட்ஸ், ட்வில் துணி, 4,200 பீஸ். பாக்கெட்டுக்கு இரட்டைத் தையல், இரண்டு கோட்டுக்கும் நடுவே கால் இஞ்ச், அதாவது ரெண்டு நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் இஞ்ச்). அதற்கு டபுள் நீடில் மெஷின் வேண்டும். என்னிடம் இல்லை. 'இல்லை' என்று ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் சொல்லியிருந்தால் அந்த வேலையை மட்டும் வெளியே கொடுக்க ஒத்துக்கொண்டிருப்பார். நான் "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே பழைய மெஷின் விற்கும் ஷெட்டுக்குப் போனேன்.

இரண்டு மெஷின், 72,000 ரூபாய். பளபளவென்று புதுப் பச்சைப் பெயின்ட். விற்றவர் ஒரு மெல்லிய வெட்டுத் துணியை மடித்துப் போட்டு நாலு கோடு தைத்துக் காட்டினார். தையல் நன்றாகத்தான் விழுந்தது. "ரெண்டு நூல்தானுங்களே?" என்று கேட்டேன். "ஆமாங்க, ரெண்டு நூல்தான்" என்றார். என் மேஜையில் அப்போது ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தது, இருபது ரூபாய் ஸ்கேல். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பார்ட்டியின் குவாலிட்டிக்காரர் வந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தார். 4.8 மில்லிமீட்டர். ஒன்றரை நூல். கால் இஞ்ச் என்றால் 6.4 வர வேண்டும். அதற்குள் 380 பாக்கெட் தைத்து முடித்திருந்தோம். அத்தனையையும் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் சொந்தத் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரரின் வெட்டுத் துணியில் எந்த மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். நீங்கள் தைக்கப்போகும் அதே கனத்தில், அதே நூலில், முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நிற்கிற மெஷினுக்கும் அரை மணி ஓடிச் சூடேறிய மெஷினுக்கும் குணம் வேறு. புதுப் பெயின்ட்டைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வர வேண்டும். மாடல் நம்பர் தகட்டை விரலால் தடவிப் பாருங்கள். ரிவெட் பழசா, புதுசா, தகட்டுக்குக் கீழேயும் பெயின்ட் போயிருக்கிறதா என்று பாருங்கள். என் இரண்டு மெஷினில் ஒன்றின் தகடு வேறொரு மெஷினிலிருந்து கழற்றி ஒட்டியது என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, அளவை மாற்ற வேண்டும். டபுள் நீடிலில் இது லேசான வேலை இல்லை. ஊசியைப் பிடிக்கும் கிளாம்ப், அடித் தகடு, துணியை நகர்த்தும் பல், துணியை அழுத்தும் ஃபுட் எல்லாம் ஒரு செட்டாக மாற வேண்டும். கீழே ஊசியின் நூலைப் பிடிக்கும் இரண்டு ஹூக்கையும் புதிய இடைவெளிக்குத் தகுந்தபடி நகர்த்த வேண்டும். ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். லோக்கல் செட் இரண்டு, தலா 4,200. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றினார். அட்ஜஸ்ட் செய்யும்போது ஏழெட்டு ஊசி உடைந்தது. மெஷினோடு வந்த ஊசி தீர்ந்துவிட்டதால், கைமடிப் பையனிடம் (ஹெல்பர்) ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்பேர்ஸ் கடைக்கு அனுப்பினேன். 'டிபி ஊசி, 14 நம்பர், 100.' அந்தச் சீட்டு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் காலையிலிருந்து தையல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. பத்துத் தையல் சரியாக இருக்கும், இரண்டு காணாமல் போகும். நூல் மாற்றினோம். டென்ஷனை மாற்றினோம். மெக்கானிக் ஹூக் டைமிங்கை, அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரத்தை, திருப்பி வைத்தார். அரை நாள் ஓடியது. மறுபடியும் விட்டது. இரண்டாவது மெக்கானிக் வந்து ஹூக் முனை தேய்ந்துவிட்டது என்றார். நாலு ஹூக், ஒன்று 3,100. புது ஹூக் போட்டு மூன்றாம் நாள் அதன் முனையும் உடைந்தது. முதல் மெக்கானிக் இரண்டாமவரைத் திட்டினார், இரண்டாமவர் லோக்கல் செட்டைத் திட்டினார். நான் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்து நஷ்டத்தை எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்த டெய்லர்களுக்குச் சம்பளம் 27,500. பாதிப் பாக்கெட்டை வெளியே கொடுத்துத் தைக்க 21,000. கடைசியில் தாமதத்துக்காகப் பார்ட்டி பிடித்துக்கொண்ட தொகை, டெபிட் நோட், 38,000. மெக்கானிக் கூலி, செட், ஹூக், வீணான ஊசி நூல் எல்லாம் சேர்த்தால் மேலே சொன்ன தொகை. அந்த நாட்களில் வீட்டுக்குப் போனால் அப்பா கேட்பாரே என்று, வேலை அதிகம் என்று பொய் சொல்லிக் கட்டிங் டேபிளிலேயே படுத்துக்கொண்டேன். பணம் போனதைவிட அந்தப் பொய்தான் தொண்டையில் நின்றது.

என்னிடம் ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர் பதினொன்றாம் நாள் சாயங்காலம் சொன்னார். "தம்பி, நான் சின்னப் பிள்ளையா கம்பெனிக்குப் போனப்ப அங்க ஒரு மெக்கானிக் இருந்தாருங்க. இப்ப வயசாகி வீட்லதான் இருக்கறாரு. அவரைப் போய்ப் பாருங்க." எனக்கு நம்பிக்கை இல்லை. பம்பாயில் ட்ரெயினிங் எடுத்தவர்களே கைவிட்ட மெஷினை வீட்டில் இருக்கும் பெரியவர் என்ன செய்வார் என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல்தான் போனேன்.

அவருக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. பதினாலு வயதில் மெஷினுக்கு எண்ணெய் துடைக்கும் பையனாகப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவர். அறுபது வருஷத்துக்கு மேல் அதே தொழில். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை, பையில் ஒரு பூதக்கண்ணாடி. என் டூவீலரில் ஏறி வந்தார். மெஷினைத் தொடவே இல்லை. ஓட விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் சத்தத்தைக் கேட்டார். பிறகு ஊசியைக் கழற்றச் சொல்லி, அதை விரலுக்கு நடுவே உருட்டினார்.

"ஊசி டப்பாவை எடுத்துட்டு வாங்க தம்பி."

கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "கடையில என்னன்னு கேட்டு வாங்குனீங்க?"

"டிபி ஊசி, பதினாலு நம்பருங்க ஐயா."

"எந்த டிபி?"

எனக்குப் புரியவில்லை. அவர் தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்து டேபிள் மேல் இங்கிலீஷில் இரண்டு இரண்டு எழுத்தாக எழுதினார். ஒன்றில் இரண்டாவது எழுத்து பம்பாய்க்குப் போடும் 'பி'. மற்றதில் பழனிக்குப் போடும் 'பி'. பம்பாய் டிபி×1, சாதாரண ஒற்றை ஊசி மெஷினுக்கு. பழனி டிபி×5, என்னுடைய டபுள் நீடிலுக்கு. தமிழில் எழுதினாலும் சொன்னாலும் இரண்டும் ஒரே 'டிபி'தான்! ஊரில் சிங்கர் டெய்லர் தைக்கும் மெஷினில் பெரும்பாலானவை ஒற்றை ஊசி என்பதால் கடைக்காரப் பையன் யோசிக்காமல் முதலாவதை எடுத்துக் கொடுத்திருக்கிறான். பாக்கெட்டில் இரண்டிலும் 90/14 என்றுதான் இருக்கும். அந்த 90 என்பது ஊசியின் உடம்பு 0.9 மில்லிமீட்டர் என்பதை மட்டும்தான் சொல்கிறது. கிளாம்ப்புக்குள் நுழையும் மேல்பகுதியின் கனம் அதில் வராது. ஒன்றில் 1.6 மில்லிமீட்டர் சொச்சம், மற்றதில் 2. நீளமோ கிட்டத்தட்ட ஒன்று. அதனால் மெல்லிய ஊசி பெரிய ஓட்டைக்குள் வசதியாக நுழைந்துவிடும். திருகை முறுக்கினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஊசிக்கும் ஹூக் முனைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. சாய்ந்த ஊசிக்குத் தகுந்தபடி ஹூக்கை வைத்தால் அன்றைக்கு ஓடும், அடுத்த ஊசி வேறு பக்கம் சாய்ந்தால் ஹூக் முனை போய் மோதும். இரண்டு மெக்கானிக்கும் பதினொரு நாளாகச் செய்ததெல்லாம் கோணல் ஊசிக்கு ஏற்ப மெஷினைக் கோணலாக்கியதுதான்.

சரியான ஊசி வாங்கிப் போட்டு, ஹூக்கைத் திருப்பி வைக்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தையல் விழுந்தது. நான் அழுதுவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. அவர் கண்டுகொள்ளாமல் கையைத் துடைத்துக்கொண்டு, "காப்பி குடிக்கலாமுங்களா?" என்றார்.

அன்றிலிருந்து என் கம்பெனியில் ஊசியைப் பெயர் சொல்லி வாங்குவதில்லை. எண்ணைச் சொல்லித்தான் வாங்குகிறோம். பழைய சிங்கர் கணக்கில் முதலாவது ஊசி 16×231, இரண்டாவது 135×5. இந்த எண்கள் இன்றும் பாக்கெட்டில் அச்சாகி வருகின்றன, எண்ணில் எந்தப் 'பி'யும் குழப்பாது. காலிப் பாக்கெட்டைக் கையில் கொடுத்தனுப்புவது இன்னும் நல்லது. ஓவர்லாக்கிலும் இதே கதை உண்டு. டிசி×1, டிசி×27 இரண்டும் 'டிசி ஊசி'தான், ஆனால் இரண்டையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதோடு, மெக்கானிக் எதையாவது கழற்றிப் போட்டால் பழைய பார்ட்டைத் திருப்பி வாங்கி, தேதி எழுதிக் கவரில் போட்டு வையுங்கள். என் நாலு பழைய ஹூக்கில் இரண்டு நன்றாகவே இருந்தன என்று பெரியவர் பின்னால் சொன்னார். அவை எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன.

கூலி கேட்டேன். வாங்கவில்லை. கவரில் வைத்து நீட்டியபோது முகம் சுருங்கியது. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். அவர் வயதில், அவர் தேர்ச்சியில் இருப்பவருக்கு ஒன்றரை மணி நேரக் கூலி என்று ஒரு தொகையை நீட்டுவது, அந்த அறுபது வருஷத்துக்கு நாமே விலை போட்டுச் சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு, கேள்விகளோடு போனேன். முகம் மலர்ந்தது. மூன்று மணி நேரம் பேசினார்.

அன்றுதான் அந்த அலமாரியைத் திறந்தார். சிங்கர் பார்ட்ஸ் லிஸ்ட், சிகாகோ யூனியன் ஸ்பெஷலின் தடித்த கேட்லாக், ஜப்பான் ஜூகியின் பழைய புத்தகங்கள், ஜெர்மன் ஊசிக் கம்பெனி ஒன்றின் அளவு அட்டவணை. அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை இறக்குமதி மெஷினோடு வந்தவை. முதலாளிகள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிட, இவர் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவர். இங்கிலீஷ் எழுத்தைக் கற்றுக்கொண்டதே அந்தப் படங்களிலிருந்துதான். ஒவ்வொரு பக்கத்திலும் மெஷினின் உள்ளே இருப்பதையெல்லாம் பிரித்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, கோவிலில் படையல் வைத்தது போல வரிசையாக வரைந்திருக்கும். பக்கத்தில் ஒரு எண். எதிர்ப்பக்கத்தில் அந்த எண்ணுக்குப் பெயரும் எத்தனை வேண்டும் என்பதும். "படத்துல திருகு இருந்தா, பேரு இருக்கற எடத்துல திருகுக்கு இங்கிலீஷ் வார்த்தை இருக்கும். அப்பிடியே ஒன்னொன்னாப் படிச்சதுதான்" என்றார்.

பழைய கேட்லாக் என்றால் அழகுப் பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதன் உபயோகம் வேறு. ஒரே பெயருள்ள மாடலில் கடைசி எழுத்து மாறினால் பல்லும் தகடும் மாறும். எந்த எழுத்துக்கு எந்தப் பார்ட் என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது. பார்ட்டின் மேலேயே அடித்திருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால், மெஷினில் எது அசல், எது நடுவில் யாரோ மாட்டிவிட்டது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். என் மெஷினின் திருட்டுத் தகட்டை அப்படித்தான் பிடித்தோம். தகடு சொன்ன மாடலில் இருக்க வேண்டிய பார்ட் எண் ஒன்றுகூட உள்ளே இல்லை. இன்றைக்குப் பல கம்பெனிகள் பார்ட்ஸ் லிஸ்ட்டை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. மெஷின் வாங்கும் முன்பே இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இணையத்தில் கிடைக்காதது ஒன்று அவர் புத்தகங்களில் இருந்தது. பக்க ஓரங்களில் பென்சிலில் தமிழ். 'இது ஆறு மாசத்தில் தேயும்.' 'லூதியானா சாமான் அரை நூல் கூட, அரம் போட வேணும்.' ஒரு இடத்தில் '12.3.79, மூணாம் நம்பர் மெஷின், ராத்திரி ரெண்டு மணி, கிடைச்சுது.' என்ன கிடைத்தது என்று எழுதவில்லை. கேட்டேன், அவருக்கும் நினைவில்லை. சிங்கர் 31கே லிஸ்ட்டைப் புரட்டும்போது, "அந்த 'கே' என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி ஃபேக்டரியாம். 1980இல் அதை மூடிவிட்டார்கள். சொந்தக்காரர் வீடு ஒன்றைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். யூனியன் ஸ்பெஷலை 1988இல் ஜூகியே வாங்கிவிட்டதையும் அதே குரலில்தான் சொன்னார்.

ஏழெட்டு மாதம் ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் திண்ணையில் ஒரு அரிசிச் சாக்கு கட்டி வைத்திருந்தார். உள்ளே பதினொரு கேட்லாக். "பசங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்ல இருக்கறாங்க. பழைய பேப்பர்க்காரன் கிலோ பன்னெண்டு ரூபாங்கறான். எடுத்துட்டுப் போ கண்ணு" என்றார். அதுவரை என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசியவர். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொள்ளவும் கை வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "யாரு பக்கம் கேட்டாலும் போட்டோ எடுத்துக் குடு. புஸ்தகத்தை மட்டும் வெளிய உடாதே." பன்னிரண்டாவதாக ஒன்று இருந்திருக்கிறது. கூட வேலை செய்தவருக்கு இரவல் கொடுத்தது, திரும்பி வரவில்லை.

இப்படிப் பழைய காகிதம் கைக்கு வந்தால் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று லேமினேட் செய்யாதீர்கள். நான் ஒரு பக்கத்தில் செய்து பார்த்தேன், பென்சில் எழுத்து மங்கிப்போனது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. துருப்பிடித்த பின்னை மெதுவாகக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்துக்கொள்ளலாம். ரப்பர் பேண்ட் போட்டால் வெயில் காலத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். நடுத்தையலை அழுத்தி விரிக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து போனில் படம் எடுத்தாலே எண் தெளிவாக விழும். பதினொரு புத்தகத்தையும் படம் எடுத்து முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. அட்டை, காலிப் பக்கம், எண்ணெய்க் கறை எதையும் விடாதீர்கள். கறை அதிகமாக இருக்கும் பக்கம்தான் அந்த மெக்கானிக் அதிகம் திறந்த பக்கம், அதாவது அந்த மெஷின் அடிக்கடி கெட்டுப்போகும் இடம்.

நன்றி சொல்ல என்னென்னவோ யோசித்தேன். சால்வை போர்த்தலாமா, சங்கத்தில் கூப்பிட்டு மேடையேற்றலாமா என்றெல்லாம். அக்காதான் தடுத்தார். "அவருக்கு மேடை ஆகாதுங்க தம்பி. கெட்டுப்போன மெஷின் ஏதாவது இருந்தாக் காட்டுங்க" என்றார். அதனால் மாதம் ஒருமுறை அவரைக் கம்பெனிக்குக் கூட்டி வருகிறேன். என்னிடம் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர், ஒருத்தி தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தவள், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்லாக் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். செக்கிங் பெண் இப்போது ஊசியை உருட்டியே கனம் சொல்கிறாள். அவளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்குப் பெரியவர் போன் செய்தார். யூனியன் ஸ்பெஷல் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அடி நூலைப் பின்னும் லூப்பர் படம் இருக்கும் பக்கம், அதில் மேலிருந்து நாலாவது திருகின் எண் வேண்டுமாம். பக்கத்தைத் தேடிக்கொண்டே, "எந்தக் கம்பெனி மெஷினுங்க ஐயா?" என்று கேட்டேன். பதில் இல்லை. பக்கம் கிடைத்து, நான் முதல் இரண்டு எண்ணைப் படிப்பதற்குள் மீதியை அவரே சொல்லி முடித்தார். சரியாக இருந்தது.

"சரி, மூடி வெச்சுடு. தூசி உள்ள போகும்" என்று போனை வைத்தார்.